மூன்றாம் அத்தியாயத்துப் பிழை

சைக்கிளை உங்கள் வாசலில் வேப்பமரத்தில் சாய்த்துவிட்டு வந்திருக்கிறேன், இன்ஸ்பெக்டர். பூட்டவில்லை. பொலிஸ் நிலையத்து வாசலில் யாரும் களவெடுக்க மாட்டார்கள் என்பது ஓரளவு நம்பக்கூடிய அனுமானம்.

நான் வந்தது உங்கள் அறிக்கையில் உள்ள பிழை ஒன்றைத் திருத்துவதற்கு. போன ஓகஸ்டில் கடலில் இறந்த அபூதாஹிர் மாஸ்டரின் மரண விசாரணை அறிக்கையை அவருடைய மகள் ஜுமானா எனக்குக் காட்டினாள். முதற் பக்கத்தில், படகு மோட்டரின் விசிறியில் சுற்றிய வலையை வெட்ட இறங்கியவர், வெட்டுவதற்கு முன்பே அதில் சிக்கி மூழ்கினார் என்று இருக்கிறது. இரண்டாம் பக்கத்தில், வெட்டிய வலைத் துண்டும் கத்தியும் படகுக்குள் கிடந்தன என்று இருக்கிறது. இரண்டும் சேர்ந்து உண்மையாக இருக்க முடியாது. கீழே மூன்று பேர் கையெழுத்து வைத்திருக்கிறீர்கள். ஒருவருக்கும் உறைக்கவில்லை. உயர்தர வகுப்புக்கு முப்பது வருடம் அளவையியல் படிப்பித்தவன் நான். ஒரு மாணவன் இப்படி எழுதியிருந்தால் கொப்பியை யன்னலால் எறிந்திருப்பேன்.

உங்களை மட்டும் குறை சொல்வதற்கில்லை. உலகமே இந்தத் தரத்தில்தான் ஓடுகிறது. நிற்பவனுக்கும் ஓடுகிறவனுக்கும் ஒளி ஒரே வேகத்தில் வருமாம். ஒரு துகள் இங்கேயும் இருக்குமாம், அங்கேயும் இருக்குமாம். நிலாவெளி பஸ்ஸில் ஏறியவன் அதே நேரத்தில் தம்பலகாமத்தில் இறங்கினான் என்றால் கொண்டக்டர் சிரிப்பான். பேராசிரியர் சொன்னால் பரிசு கொடுக்கிறார்கள். கணிதக்காரர் இன்னும் மோசம். தன்னைத் தானே பொய் என்று சொல்லும் ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக முழிக்கிறார்கள். ஓய்வுபெற்ற பின் பாலையூற்று வீட்டில் இருந்து, இந்த முரண்பாடுகளையெல்லாம் எட்டு அத்தியாயங்களில் நிறுவினேன். நான்கு பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பினேன். ஒன்றிலிருந்து நன்றி வந்தது.

முழுவதையும் வாசித்தவர் அபூதாஹிர் ஒருவர்தான். கிண்ணியாக்காரர், என்னுடைய பள்ளிக்கூடத்தில் கணிதம் படிப்பித்தவர். சனிக்கிழமை காலைகளில் அவருடைய சின்னப் படகில் கொட்டியாரக் குடாவுக்குத் தூண்டில் போடப் போவோம். புத்தக வெளியீட்டுக்கு இரண்டு வாரம் இருக்கையில் ஒரு சனிக்கிழமை, தூண்டிலில் இரை குத்திக்கொண்டே அவர் சொன்னார்:

"மாஸ்டர், ஒண்டு சொல்றன், கோவிக்கப்படாது. முரண்பாடு பௌதிகத்தில இல்ல, உங்கட மூண்டாம் அத்தியாயத்தில இருக்கு. 'ஒரே நேரம்' எண்ட சொல்ல ஒரு இடத்தில நிக்கிறவன்ட மணிக்கூட்டுக்கு வெச்சீங்க. அடுத்த பக்கத்தில ஓடுறவன்ட மணிக்கூட்டுக்கு வெச்சீங்க. ரெண்டையும் ஒண்டெண்டு எடுத்தா முட்டத்தானே செய்யும்."

அதோடு விட்டிருக்கலாம். வெளியீட்டைப் பிந்தி வைப்போம், தான் கூட இருந்து திருத்தித் தருகிறேன் என்றார். பின்தங்கிய மாணவனுக்குச் சொல்வதுபோல அன்பாகச் சொன்னார். தோளிலும் தட்டினார்.

திரும்பும் வழியில் விசிறியில் பழைய வலை ஒன்று சுற்றியது. அவர் இறங்கி வெட்டினார். வலைத் துண்டையும் கத்தியையும் என் கையில் தந்துவிட்டு, தண்ணீரிலேயே விலகி நின்றுகொண்டு, மோட்டரை ஒருக்கா இழுத்துப் பார்க்கச் சொன்னார். இழுத்தேன். நன்றாக வேலை செய்தது. அவரை ஏற்றாமல் நான் போனேன்.

அதிக தூரம் போகவில்லை. குரல் கேட்கும் தூரத்தில் நின்றேன். அவர் கிட்ட வந்தபோதெல்லாம் கொஞ்சம் தள்ளிப் போனேன். முதலில் சிரித்தார். விளையாட்டு என்று நினைத்திருப்பார். அவர் நல்ல நீச்சல்காரர்தான். ஆனால் கச்சான் காற்று கரையிலிருந்து கடலைப் பார்த்து அடித்தது, கரையும் தூரம். சிரிப்பு நின்ற பிறகு, மூன்றாம் அத்தியாயத்தைப் பற்றி இப்போது என்ன நினைக்கிறார் என்று கேட்டேன்.

"நீங்க சொல்றதுதான் சரி மாஸ்டர்," என்றார். "கயித்தப் போடுங்க. கை ஏலாம வருது."

இதைக் கவனமாக எழுதிக்கொள்ளுங்கள். பயத்தில் ஒருவர் ஒப்புக்கொள்வது நிறுவல் ஆகாது. முதல் மாதமே படிப்பிக்கிற விஷயம். கணிதம் படிப்பித்த மனிதர், காரணம் ஒன்றும் காட்டாமல் முடிவை மட்டும் மாற்றிக்கொண்டார். எனக்கு அது அருவருப்பாக இருந்தது. கயிறு என் காலடியில்தான் கிடந்தது. நான் அதைத் தொடவில்லை.

வெளியீடு குறித்த நாளில் நடந்தது. புத்தகத்தை அவருக்கே சமர்ப்பித்திருந்தேன். பலர் கண் கலங்கினார்கள். ஜுமானாவும் வந்திருந்தாள். கூட்டம் கலைந்தபின் என்னிடம் வந்து, வாப்பா கடைசியாக என்ன கதைத்தவர் என்று கேட்டாள்.

"'நீங்க சொல்றதுதான் சரி மாஸ்டர்' எண்டு சொன்னவர், பிள்ளை," என்றேன்.

அதில் பொய் ஒன்றும் இல்லை. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

ஆகவே, அன்று நான் சொன்னதைக் கேட்டு எழுதிய முதற் பக்கத்தை வெட்டிவிட்டு இப்படி எழுதுங்கள்: வலை அவரைப் பிடிக்கவில்லை, படகில் கூடப் போன ஞானசேகரம் அவரைக் கடலில் விட்டுக் கொன்றான். அப்போதுதான் இரண்டாம் பக்கம் பொருந்தும். கோபத்தில் செய்தேன் என்று சேர்க்க வேண்டாம். எனக்கு அவர்மேல் கோபம் இருக்கவில்லை.

என்னை எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள் என்று தெரியாது. இரண்டாம் பதிப்பு அச்சகத்தில் இருக்கிறது, அதைப் பார்க்க வேண்டும். மூன்றாம் அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். அவர் சொன்னதற்காக அல்ல, நீளம் கூடிப்போனதற்காக. அது போனதும் நான்காவது தனியே நிற்கவில்லை, அதையும் எடுத்தேன். பிறகு மற்றவற்றையும் ஒவ்வொன்றாக எடுக்க வேண்டி வந்தது. இப்போது முன்னுரையும் சமர்ப்பணமும் இருக்கின்றன. அவற்றில் ஒரு பிழையை எவராலும் காட்ட முடியாது.