கடிக்காத எறும்புகள்

புதிதாக எறும்பு வளர்ப்பவர்கள் செய்யும் முதல் தவறு, அடிக்கடி எட்டிப் பார்ப்பது. ராணிக்கு இருட்டு வேண்டும். கண்ணாடிக் குழாயின் அடியில் கொஞ்சம் தண்ணீர், அதை அடைக்கப் பஞ்சு, சுற்றிலும் சிவப்புத் தாள். முதல் குஞ்சுகள் பெரிதாகும்வரை அவளுக்குச் சாப்பாடுகூட வேண்டாம், சார். தொந்தரவு செய்யாமல் இருந்தால் போதும்.

அந்த ராணியைக் கில்கில் பக்கமிருந்து கொண்டுவந்தவர் என் கணவர் ஒலுவோச். விதைக் கம்பெனி வேலை. மாதத்தில் பாதி நாள் கிசுமு வீட்டில் இருக்க மாட்டார். எனக்கு மூன்று முறை கர்ப்பம் தங்கவில்லை.

"வீட்ல தனியா இருக்க, நியார் அலேகோ. இதப் பாத்துக்கோ. தானியம் திங்கிற ஜாதி, கடிக்காது" என்றார். அலேகோ என் பிறந்த ஊர்ப்பக்கம், நியார் என்றால் மகள். பிரியம் வந்தால் ஊரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

பார்த்துக்கொண்டேன். முதலில் ஆறு பிறந்தன, தூசி மாதிரி. கேழ்வரகை நுணுக்கிப் போட்டேன். வாரம் ஒரு ஈசலை இறகு கிள்ளி வைத்தேன். இருபதானதும் பெரிய கூட்டுப் பெட்டியை ஒட்டி வைத்து, அவையாகக் குடிபோகட்டும் என்று இரண்டு நாள் காத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு அகின்யி சிரிப்பாள். "உங்க வீட்ல எறும்புக்குத்தான் முதல் பந்தி. ஒலுவோச்சுக்கு மிச்சம் மீதிதான்."

"அவரு எங்க இங்க சாப்பிடுறாரு?" என்றேன். அன்றைக்கு அதை வேடிக்கையாகத்தான் சொன்னேன்.

எறும்புகள் நூறைத் தாண்டிய வாரம், அவர் குளிக்கும்போது போனில் ஒரு செய்தி வந்தது. பூசியா ஊரிலிருந்து ஒரு பெண். "போன தடவ கட்டெறும்பு கொட்டினதுலேர்ந்து அகோத் எறும்பக் கண்டாலே அலறுறா. இன்னொரு தடவ கொட்டினா ஊசிகூடக் காப்பாத்தாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அப்பாவோட கடிக்காத எறும்பு வந்தா அவ பயம் தெளியும். ஆறாவது பிறந்தநாளுக்குக் கொண்டு வந்துடுங்க."

இரண்டு முறை படித்தேன். போனை இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மறுநாள் அவரே கேட்டார். "பெட்டியக் கட்டிக் குடு. ஆபீஸ்ல ஒருத்தர் கேக்குறாரு."

"யாரு?"

"உனக்குத் தெரியாது."

நான் சண்டை போடவில்லை. அவருக்கு வேறு வீடு இருந்ததைக்கூடப் பொறுத்திருப்பேன். எட்டு மாதம் நான் நுணுக்கிப் போட்ட தானியம் அந்த வீட்டுப் பரிசுக்காக என்பதுதான் ஜீரணமாகவில்லை.

என் எறும்புகளைக் கொடுக்க மனம் வரவில்லை. அது நியாயம்தானே? கொல்லையில் பப்பாளி மரத்தடியில் கட்டெறும்புப் புற்று இருந்தது. அதே மாதிரி பெட்டி, அதே சிவப்புத் தாள்.

"தாளப் பிரிக்காம கொண்டு போங்க, வெளிச்சம் ஆகாது" என்றேன். "அங்க போனதும் கையில விட்டுப் பாக்கச் சொல்லுங்க. கடிக்காதுன்னு சொல்லுங்க."

அவர் என் தலையைத் தடவிவிட்டுப் போனார். வெகுநாளாகிவிட்டது, அவர் அப்படிச் செய்து.

குழந்தை பயப்படாமல் உள்ளங்கையை நீட்டியதாக நீங்கள்தான் சொன்னீர்கள். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே முடிந்துவிட்டது என்றும் சொன்னீர்கள். ஆமாம், சார், தெரிந்துதான் செய்தேன். எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அவள்மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. ஒளித்து வைக்காமல் ஒலுவோச் அவளை என்னிடமே கொண்டுவந்து விட்டிருந்தால், நான் நன்றாக வளர்த்திருப்பேன்.