மைனாவுக்கு ஒரு கிளை

கூண்டில் உட்காரப் பறவைக்குக் கொய்யாக் கிளைதான் உகந்தது, ஐயா. வழுக்காது, காலுக்கு இதம். மருந்து அடிக்காத மரமாகப் பார்த்து வெட்டி, கொதிநீர் ஊற்றி, வெயிலில் காயவைத்துக் கொடுப்பேன். ஹாங்காங் மொங்கொக் பகுதியில் நாங்கள் கூடும் தேநீர்க்கடையில் காலையில் பறவைக் கூண்டோடு வந்து மாட்டும் அத்தனை பேருக்கும் முப்பது வருடமாகக் கிளை கொடுப்பவன் நான்தான். வாங்குகிறவர் முனையைக் கடித்துப் பார்ப்பார், கசந்தால் வேண்டாம். அது எங்கள் வழக்கம்.

அந்தக் கடைக்கு வரும் யிப்பிடம் ஒரு மைனா இருந்தது. அவன் அதற்கு ஊட்டுவதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பன்றிக்கறி வைத்த பன்னை மஞ்சள் பல்லால் மென்று கூழாக்கி, நாக்கு நுனியில் வைத்து நீட்டுவான். "ஆ காட்டுடா, தங்கம்." மைனா தலையையே அவன் வாய்க்குள் விடும். வெளியே வரும்போது அலகில் எச்சில் நூலாகத் தொங்கும். நான் தேநீரைத் தள்ளி வைத்துவிடுவேன். ஆறு வருடம், எதிர் மேசையில் உட்கார்ந்து தினமும் பார்த்தேன்.

"மோக் அண்ணனுக்கு வயித்தெரிச்சல்," என்பான், என்னைக் காட்டி. "இவருக்குப் பொண்டாட்டிகூட ஊட்டுனதில்ல போல."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன்.

அந்த வாயிலிருந்து பறவையைக் காப்பாற்ற நினைத்தேன், அவ்வளவுதான். போன செவ்வாய்க்கிழமை அரளிக் கிளை ஒன்றை இலை கழித்துக் கொடுத்தேன். கடித்தான்.

"கசக்குதேண்ணே. என்ன மரம் இது?"

"புது மரம். மொதல்ல கசக்கும், நல்லா மென்னா போயிடும்."

மென்றான். என் கிளையால் இதுவரை ஒரு பறவையும் சாகவில்லை, நம்பாமல் என்ன செய்வான்.

கொஞ்ச நேரத்தில் மேசை மேலேயே வாந்தி எடுத்தான். புளித்த நாற்றம். மற்றவர்கள் அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். நான் முதலில் கிளையை எடுத்துச் சட்டைக்குள் மறைத்தேன், மைனா கொத்திவிடக் கூடாது. பிறகு கூண்டை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மறுநாள் அவன் இறந்துபோனான். கொன்றது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

மைனா மூன்று நாள் எதையும் தொடவில்லை. சுத்தமான கிண்ணம், புதுத் தீனி, வேகவைத்த முட்டை, எல்லாம் வீண். இன்று காலை கம்பியோடு ஒட்டி நின்று, அவன் குரலிலேயே, "ஆ காட்டுடா, தங்கம்," என்றது.

உங்கள் ஆட்கள் கதவைத் தட்டிப் பெயர் கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை, ஐயா. வாய் நிறைய மென்ற பன் இருந்தது.