ஞாயிற்றுக்கிழமை ஜுரம்

கேசவன், நகரியில் காலை ரயில் ஏறுகிறவர்கள் இடப்பக்கம் உட்கார்ந்தால் திருப்பதி வரை முகத்தில் வெயில் படாது. ஆறு வருடம் என் தங்கை அகிலாவை அந்தப் பக்கத்தில்தான் உட்காரவைத்து டயாலிசிஸுக்குக் கூட்டிப்போனேன். செவ்வாய், வியாழன், சனி. ஒரு நாள்கூடத் தவறியதில்லை. நேற்று நீங்கள் போனில் ஒரு கேள்வி கேட்டீர்கள். அதற்குப் பதிலாகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் உங்களுக்குத் தெரியாத ஒன்று. அகிலாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது என்று தெரிந்த வருடமே என்னைப் பரிசோதித்தார்கள். பொருந்தியது. நன்றாகவே பொருந்தியது. டாக்டர் என்னைத் தனியாக அழைத்தார். மனமில்லாவிட்டால் சொல்லுங்கள், பொருந்தவில்லை என்றே சொல்லிவிடுகிறோம், கட்டாயத்தில் யாரும் கொடுக்கக் கூடாது என்றார். நல்ல மனிதர். விசைத்தறியில் நின்று பிழைக்கிற உடம்பு, கத்தி வைத்தால் என்ன ஆகுமோ என்று பயந்தேன். பொருந்தவில்லை என்றே சொல்லிவிடுங்கள் என்றேன்.

வெளியே பெஞ்சில் இருந்த அகிலா அழவில்லை.

"விடுண்ணா. பொருந்தலன்னா நீ இன்னா பண்ணுவ? என் தலையெழுத்து அது."

பிறகு பையிலிருந்து ஒரு கொய்யாவை எடுத்து என் கையில் வைத்தாள். அவள் சாப்பிடக் கூடாத பழம். எனக்காக வாங்கியிருந்தாள்.

"காலைலேர்ந்து ஒண்ணும் துன்னாம சுத்திக்கினு இருக்க."

முழுவதையும் தின்றேன்.

அந்தக் குற்றத்துக்கு ஈடுகட்டத்தான் தறியை வேறு ஆளிடம் விட்டேன். கல்யாணப் பேச்சை நிறுத்தினேன். அவள் குடிக்கிற தண்ணீரை டம்ளரில் அளந்தேன். ஊசி எடுத்த இடத்தில் ரத்தம் நிற்கும்வரை பஞ்சை அழுத்திப் பிடித்திருப்பேன். மெல்ல மெல்ல ஊரில் என் பெயர் மாறியது. பத்தாவது தேறாத எழிலரசன் போய், தெய்வம் மாதிரி ஒரு அண்ணன் வந்தான். நர்ஸுகள் மற்ற நோயாளிகளின் வீட்டாருக்கு என்னைக் காட்டிப் பேசினார்கள். கோயில் திருவிழாவில் சால்வை போட்டார்கள். சால்வைக்குக் கீழே என் இரண்டு சிறுநீரகமும் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தன.

பிறகு நீங்கள் வந்தீர்கள். டயாலிசிஸ் வார்டில் பக்கத்துக் கட்டிலில் உங்கள் அம்மா. அவர் காலமான பிறகும் சனிக்கிழமைகளில் புத்தூரில் ரயில் ஏறி எங்களோடு வந்தீர்கள். ஒரு நாள் அவளை வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டீர்கள்.

"மாத்துக் கிட்னி கெடச்சதும் கல்யாணத்த வெச்சிக்கலாமாண்ணா?"

அகிலா ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை அத்தனை வருடத்தில் நான் பார்த்ததில்லை. சரி என்றேன். வீட்டுக்கு வந்து, இவள் போய்விட்டால் செவ்வாய்க்கிழமை காலையில் நான் எழுந்து எங்கே போவது என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அது நடந்து இரண்டு மாதத்தில், ஆடியில், ஒரு ஞாயிறு. மதியம் இரண்டேகால். மாற்றுச் சிறுநீரகப் பட்டியலில் அகிலாவின் பெயரோடு கொடுத்திருந்தது என் நம்பர். மருத்துவமனையிலிருந்து ஒரு பெண் தெலுங்கில் பேசினாள். மூளைச்சாவு அடைந்த ஒருவரின் சிறுநீரகம் வந்திருக்கிறது, அகிலாவின் முறை, நான்கு மணி நேரத்துக்குள் வர வேண்டும் என்றாள். உடம்பு நன்றாக இருக்கிறதா என்றும் கேட்டாள். பக்கத்து அறையில் அகிலா உங்களோடு போனில் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். கதவு திறந்தே இருந்தது.

நான்கு நாளாக ஜுரம் மேடம், என்று தெலுங்கிலேயே சொன்னேன்.

ஜுரம் இருந்தால் அறுவை செய்ய மாட்டார்கள். அத்தனை வருடத்தில் இதெல்லாம் கற்றிருந்தேன். ஐயோ பாவம், அடுத்த முறை பார்க்கலாம் என்று வைத்துவிட்டாள்.

"யாருண்ணா போன்ல?"

"நூல்காரன்."

அவளுக்கு டீ போட்டுக் கொடுத்தேன், அரை டம்ளர். இன்னும் ஒரு வாய் கேட்டாள். கொடுக்கவில்லை. அவள் உடம்புக்கு ஆகாது.

தை மாதம், ரேணிகுண்டா தாண்டியதும் என் தோளில் சாய்ந்தவள் எழவில்லை. அதற்குச் சற்று முன்புதான் சொன்னாள்.

"நீ இல்லன்னா நான் எப்பவோ பூட்டிருப்பேண்ணா."

சாப்பாட்டுத் தட்டின் முன் உட்காரும்போதெல்லாம் அது காதில் விழுகிறது. பாதியில் எழுந்துவிடுகிறேன். சாவு வீட்டில் எல்லோரும் விதி என்றார்கள். நானும் சொன்னேன். என் அளவுக்கு அழுத்திச் சொன்னவர் யாருமில்லை.

அவள் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கச் சொல்லப் போன இடத்தில், காய்ச்சலால் வரவில்லை என்று பதிவாகியிருந்ததைப் பார்த்தீர்கள். "அந்த ஞாயித்துக்கெழம அகிலாவுக்கு ஜொரமா?" என்று கேட்டீர்கள்.

இல்லை. அன்று அவளுக்கு ஒன்றுமில்லை. அவள் பிழைக்க இரண்டு வழி இருந்தது. இரண்டையும் அடைத்தவன் நான். இந்தக் கடிதத்தை யாரிடம் வேண்டுமானாலும் காட்டுங்கள். போலீஸ் வந்தாலும் இதையேதான் சொல்வேன்.

சனிக்கிழமை டயாலிசிஸ் முடியும் வரை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள். பாகாலாவிலிருந்து ரூபா என்று ஒரு பெண் டயாலிசிஸுக்கு வருகிறாள். தாய் தகப்பன் இல்லை, கூடப் பிறந்தவர்களும் இல்லை. இரண்டு மாதமாக நான்தான் துணைக்கு இருக்கிறேன். என்னை அண்ணா என்று கூப்பிடுகிறாள். போன வாரம் மாற்றுச் சிறுநீரகத்துக்கு அவள் பெயரைப் பதிந்தோம். எந்த நேரத்தில் கூப்பிட்டாலும் எடுக்கப் பொறுப்பான ஆள் வேண்டுமே என்று, விண்ணப்பத்தில் என் நம்பரைக் கொடுத்திருக்கிறேன்.