ஹெப்சிபா எடுத்துவிட்ட கதை

பேச்சை இங்க கொஞ்சம் நிறுத்திட்டு, ஒரு சின்னக் கதை சொல்லிடறேன்... கேளுங்க.

ஹெப்சிபான்னு ஒரு பொண்ணு. நாகர்கோவில்காரி. மேடையில தன்னந்தனியா நின்னு, ஒரு மணி நேரம் பேசிப் பேசியே ஜனங்களைச் சிரிக்க வைக்கிறது அவ தொழில். கூட ஆள் கிடையாது, பாட்டு கிடையாது. சிரிச்சாங்கன்னா அந்தப் பேரு அவளுக்கு. சிரிக்கலைன்னா... அதுவும் அவளுக்குத்தான்.

கோயம்புத்தூர்ல ஒரு கலை விழா. ஒரு காலேஜ் கட்டடத்துல வகுப்பறைக்கு வகுப்பறை நிகழ்ச்சி. இந்தப் பக்கம் மேஜிக், அந்தப் பக்கம் ஒயிலாட்டம், நடுவுல இவ. பகல் பூரா வராண்டாவுல நின்னு நோட்டீஸ் குடுத்து ஆளைக் கூப்பிடணும். சாயங்காலம் ஷோ. தினமும் இதேதான்.

இவளுக்கு இருப்புக் கொள்ளலை. ஷோ முடிஞ்சதும் பக்கத்து ரூம் கதவுகிட்ட போய் நின்னுக்குவா. அங்க சிரிப்பு ஜாஸ்தியா, நமக்கு ஜாஸ்தியா? அறை நிறைய ஜனம் சிரிச்சிட்டிருக்கும், ஒரே ஒருத்தர் எழுந்து போவாரு. இவ கண்ணு எங்க போகும்? சொல்லுங்க, எங்க போகும்? எழுந்து போறவர் பின்னாடியே போகும். பேச்சுல எந்த இடம் வந்தப்ப அவர் எழுந்தாரோ, மறுநாள் அந்த இடத்தையே பேச்சுல இருந்து எடுத்துடுவா. மறுநாள் இன்னொருத்தர் எழுவாரு. அதையும் எடுத்துடுவா. சோறு இறங்கலை. நடந்துக்கிட்டே வசனத்தை மாத்துவா, படுத்துக்கிட்டே மாத்துவா. பாதி விழா முடியறதுக்குள்ள, ஊர்ல இருந்து கொண்டு வந்த ஷோவுல பாதிகூட மிச்சம் இல்லை...

ஒரு நாள் ஷோ முடிஞ்சு வெளிய வர்றா. வராண்டாவுல புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் காத்திருக்காங்க. அவர் தண்டபாணி, மோட்டார் பட்டறை வெச்சிருக்கிறவர். அந்தம்மா மரகதம், தலையைச் சுத்தித் துணி கட்டியிருக்காங்க. அவர் தயங்கித் தயங்கிக் கேட்கிறாரு.

"ஏனுங்க அம்மணி... உங்கப்பா ஆஸ்பத்திரி அங்கியைத் திருப்பி மாட்டிக்கிட்டு டீ குடிக்கப் போனாருன்னு சொன்னீங்களே. அது இன்னைக்கு இல்லீங்களா?"

இல்லை. ஒரு அம்மா முகம் சுளிச்சு எழுந்து போனாங்கன்னு அதை எப்பவோ எடுத்துட்டா.

அப்புறம்தான் அவர் விஷயத்தைச் சொல்றாரு. மரகதத்துக்குப் புற்றுநோய். ஆஸ்பத்திரியில மருந்து ஏறிட்டிருந்த நேரத்துல, உள்ள உக்கார முடியாம வெளிய நடந்து வந்து, முதல் நாள் ஷோவுல நுழைஞ்சிருக்காரு. சிரிச்சிருக்காரு. வீட்டுக்குப் போய் அந்தக் கதையைப் பொண்டாட்டிகிட்ட சொல்லியிருக்காரு. அவருக்குச் சொல்ல வரலை. மாசக்கணக்கா ஆஸ்பத்திரியைத் தவிர எங்கயும் போகாத அந்தம்மா, "அந்தப் பொண்ணு வாயால கேட்கோணும்"னு கிளம்பி வந்துட்டாங்க. வந்து பார்த்தா... கதையைக் காணோம்.

ரூமுக்குள்ள அடுத்த குழு நுழைஞ்சிடுச்சு. மைக்கும் இல்லை. ஹெப்சிபா அந்த வராண்டாவுலயே, போறவங்க வர்றவங்க தோள்ல இடிச்சுக்கிட்டுப் போக, பக்கத்துல ஒயிலாட்ட மேளம் அடிக்க, அப்பா மாதிரியே, முதுகுல கட்ட வேண்டிய அங்கிக் கயிறை முன்னாடி இழுத்துப் பிடிச்சு, முழுசா நடிச்சுக் காட்டினா. மரகதம் சுவத்துல கையை ஊனிக்கிட்டுச் சிரிச்சாங்க. சிரிச்சிட்டுச் சொன்னாங்க.

"உங்கப்பாவுக்காச்சும் கயிறு இருந்துச்சு கண்ணு. எனக்குக் குடுத்த அங்கியில கயிறே இல்லை. ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டே டாக்டருக்குக் கும்பிடு போட்டேன்."

இப்போ ஹெப்சிபா சிரிச்சா. அந்த விழாவுக்கு வந்ததுல இருந்து அவ சிரிச்ச முதல் சிரிப்பு அது.

மறுநாள் அந்தக் கதையை மேடையில சொன்னா. அன்னைக்கும் ஒருத்தர் எழுந்து போனாரு. அவளுக்கு வலிச்சது. இருந்தாலும் கதையை நிறுத்தலை.

ஏன் இதை உங்ககிட்ட சொல்றேன்? நீங்க கடை நடத்துறீங்க, பாடம் நடத்துறீங்க, வீட்டை நடத்துறீங்க. ஒருத்தர் முகம் சுளிச்சா போதும்... நமக்கு அன்னைக்குத் தூக்கம் போச்சு. இல்லையா? பிடிக்காதவர் அங்கயே எழுந்திடுவாரு, அது நம்ம கண்ணுக்குத் தெரியுது. பிடிச்சவர் என்ன செய்வாரு? ஒண்ணும் சொல்ல மாட்டாரு. பேசாம வீட்டுக்குப் போவாரு... போய், தனக்கு வேண்டிய ஒருத்தரைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவாரு. அவங்க வந்து சேர்ற அன்னைக்கு, அவருக்குப் பிடிச்சது நம்மகிட்ட இருக்கணும் சாமி... இருக்கணும்.