நான்கு டிகிரி

இந்த மேசை விசிறியின் தலை இடதுபக்கம் திரும்பும்போதெல்லாம் ஒரு நொடி சிக்கி நிற்கிறது, கவனித்தீர்களா? ஒரு சொட்டு எண்ணெய் விட்டால் சரியாகிவிடும். இந்த அலுவலகத்தில் எட்டுப் பேர் உட்கார்ந்திருக்கிறீர்கள், ஒருவருக்கும் தோன்றவில்லை. போகட்டும். நான் அதற்காக வரவில்லை.

நீங்கள் விசாரித்து எழுதிய தீ விபத்து அறிக்கையில் இன்று மாலை ஐந்து மணிக்குக் கையெழுத்து விழப்போகிறது என்று கேள்விப்பட்டேன். விழுந்துவிட்டால் அப்புறம் ஒரு எழுத்தைக்கூட மாற்ற முடியாதாம். அதில் என்னைப் பற்றி ஒரு பெரிய பிழை இருக்கிறது. யாரும் கூப்பிடாமல் நானாகவே நாலு மணி நேரம் பேருந்தில் இடிபட்டு வந்திருப்பது அதைத் திருத்தத்தான்.

உங்களுக்குக் காடு தெரியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள், உங்கள் செருப்பைப் பார்த்தாலே தெரிகிறது. ஆகையால் எங்கள் வேலையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் வனப் பூங்காவில் இரண்டு காவல் கோபுரங்கள். மேற்கில் இருபத்திரண்டு வருடமாக நான். கிழக்கில் ஒன்பது வருடமாக மாப்பிள்ளை, அதாவது என் தங்கை வீட்டுக்காரர். உச்சியில் ஒரு வட்ட மேசை, அதன்மேல் வரைபடம், வரைபடத்தைச் சுற்றி டிகிரி பொறித்த இரும்பு வளையம். எங்காவது புகை தெரிந்தால் குறி பார்த்து, எத்தனை டிகிரி என்று ரேடியோவில் சொல்ல வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் சுவர் அளவுக்கு ஒரு வரைபடம் இருக்கிறது. அதில் கோபுரத்துக்கு ஓர் ஆணி, ஆணிக்கு ஒரு நூல். நான் சொன்ன எண்ணுக்கு ஒரு நூலை இழுப்பார்கள், மாப்பிள்ளை சொன்ன எண்ணுக்கு இன்னொன்றை. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடத்துக்குத் தீயணைப்புக் குழு ஓடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடும் கணக்கு, அவ்வளவுதான்.

அந்தக் கணக்கைக்கூட ஒழுங்காகப் போடுகிறவன் அந்தப் பூங்காவில் நான் ஒருவன்தான் இருந்தேன். பூங்கா இயக்குநருக்குக் கிழக்கு எது மேற்கு எது என்று தெரிய சூரியன் உதிக்க வேண்டும். கட்டுப்பாட்டு அறையில் இருப்பவன் நூலை இழுப்பதற்குள் மூன்று கொட்டாவி விடுவான். சுற்றுலா வருகிற கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ‘தீ மூட்டாதீர்’ என்ற பலகையின் அடியிலேயே அடுப்பு மூட்டி, அதையும் படம் எடுத்துக்கொள்வார்கள். இந்த ஜென்மங்களுக்காக நான் வருடக்கணக்கில் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தேன். அரை டிகிரி தவறியதில்லை.

மாப்பிள்ளை வேறு ரகம். அவரை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே நான்தான், தங்கை முகத்துக்காக. புகையைப் பார்த்தால் “ஒரு நாப்பது இருக்கும், நாப்பத்தொண்ணுன்னு வச்சுக்கோங்களேன்” என்பார், காய்கறி பேரம் பேசுவது மாதிரி. ரேடியோவில் ஜோக் சொல்வார். குழுவில் யாருக்குப் பிறந்தநாள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எல்லாரும் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடினார்கள். போன வருடம் இரண்டு கோபுரங்களுக்கும் சேர்த்து ஒரு தலைவரைப் போட வேண்டும் என்று வந்தபோது, அவர் பெயரைப் போட்டார்கள். இயக்குநரிடம் போய்க் காரணம் கேட்டேன்.

“உங்க வேலைல ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனா அவர்கூட பழகுறது ஈஸியா இருக்கு, புரிஞ்சுக்கோங்க” என்றார்.

புரிந்துகொண்டேன்.

மாப்பிள்ளை மறுநாளே ரேடியோவில் கூப்பிட்டு, “மச்சான், பேருக்குத்தான் நான். எல்லாம் நீங்க சொல்றபடிதான்” என்றார். பிச்சை போடுகிற மாதிரி இருந்தது.

வருடத்துக்கு ஒருமுறை இரண்டு வளையங்களையும் வடக்குக்கு நேராக வைத்துத் திருகை இறுக்கும் பொறுப்பு என்னுடையது. மழை விட்டதும் அவர் கோபுரத்துக்குப் போனேன். நான் வந்தேன் என்று ஓடிப்போய்ப் புதுத் தண்ணீர் எடுத்துவரக் கீழே இறங்கினார். அவர் திரும்பி ஏறுவதற்குள் வளையத்தை நான்கு டிகிரி திருப்பி இறுக்கிவிட்டேன். ஏன் நான்கு என்று நீங்கள் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும். மூன்று என்றால் அவருடைய வழக்கமான உளறலோடு சேர்ந்துவிடும். ஐந்து என்றால் கொட்டாவி விடுகிறவனுக்கே சந்தேகம் வந்துவிடும். இரண்டு நாள் யோசித்து வைத்த எண் அது. பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் நான்கு டிகிரி என்றால் எண்ணூற்று முப்பத்தொன்பது மீட்டர்.

தினமும் காலையில் எதிர்மலை உச்சியைக் குறி பார்த்து, வளையம் நகர்ந்திருக்கிறதா என்று ஒவ்வொருவரும் சோதிக்க வேண்டும் என்பது விதி. ஒரு நிமிட வேலை. அவர் செய்யமாட்டார் என்று தெரியும். அன்றைக்கும் சொன்னார்: “நீங்க கைய வச்சா கரெக்டா இருக்கும் மச்சான், நான் வேற எதுக்குப் பாத்துக்கிட்டு?” சோம்பேறித்தனத்துக்கு அவர் வைத்திருந்த பெயர் மரியாதை.

என் எண்ணம் சின்ன எண்ணம்தான். குழு நாலு தடவை வெறும் இடத்துக்கு அலைந்து திரும்பட்டும், எல்லாரும் அவரைக் காறித் துப்பட்டும் என்று நினைத்தேன். முதல் புகைக்கு இரண்டு மணி நேரம் அலைந்தார்கள். மாப்பிள்ளை பிஸ்கட் பொட்டலங்களோடு போய் மன்னிப்புக் கேட்டார், சிரித்துக்கொண்டே தின்றார்கள். இரண்டாவது தடவை குழுத்தலைவர் (எல்லாருக்கும் அவர் ‘சித்தப்பா’) “கண்ணாடி வாங்கித் தரட்டுமாய்யா?” என்று கேட்டதோடு சரி. நான் அரை டிகிரி தவறியிருந்தால் அறிக்கை கேட்டிருப்பார்கள். இப்படிப்பட்ட கூட்டத்துக்கு எது உறைக்கும், சொல்லுங்கள்.

மூன்றாவது தடவை காற்று இருந்தது.

பகல் ஒன்றே கால். மூன்றாம் பள்ளத்தில் புகை, கொஞ்சம் கறுப்பு. நான் என் எண்ணைச் சொன்னேன், அவர் தன் எண்ணைச் சொன்னார். என் நூல் சரியாக நெருப்பின் மேலேயே கிடந்திருக்கும். அவர் நூல் அதை ஒரு பள்ளம் தள்ளி வெட்டியது. ஆறு பேர் ஏறிய வண்டி இரண்டாம் பள்ளத்துக்குத் திரும்பியதை நான் தொலைநோக்கியில் பார்த்தேன். ஓட்டுநரின் தொப்பி நிறம்கூடத் தெரிந்தது. காற்று மேட்டின் மேல் நெருப்பை ஏற்றி, அந்தப் பள்ளத்துக்குள் இறக்கும் என்பதும் தெரிந்தது. இருபத்திரண்டு வருடம் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். அதற்கு ஒரு மாதம் முன்னால் காற்றைப் பற்றி நாலு வார்த்தை சொல்லப் போய், அந்தக் கொட்டாவிக்காரன் என்னைப் பார்த்து, “டிகிரிய மட்டும் சொல்லுங்கண்ணே, கதையெல்லாம் வேணாம்” என்றான். சரி என்று அன்றைக்கு டிகிரியை மட்டும் சொன்னேன். அதற்குப் பிறகு நாற்பது நிமிடம் ரேடியோ என் கையில்தான் இருந்தது. யாராவது கேட்டிருந்தால் பதில் சொல்லியிருப்பேன்.

ஒருவர் கேட்டார். பதிவில் நீங்களும் கேட்டிருப்பீர்கள். “மச்சான், புகை ஒரு பக்கம் இருக்கு, வண்டி ஒரு பக்கம் போகுதே. ஐயோ, என் நம்பர் தப்பா மச்சான்?” என்று மாப்பிள்ளை பதறினார். நான் “என் நம்பர் சரி” என்றேன். அது முழு உண்மை.

அதற்குள் அவர்கள் பள்ளத்தில் இறங்கிவிட்டார்கள். அங்கே ரேடியோ எடுக்காது, மரத்துக்கு மேல் எதுவும் தெரியாது. மாப்பிள்ளை கோபுரத்தை விட்டு இறங்கி மோட்டார் சைக்கிளில் அவர்களைக் கூப்பிடப் போனார். ஆள் மாற்றாமல் கோபுரத்தை விட்டு இறங்குவது எங்கள் வேலையில் முதல் குற்றம். என் குறிப்பேட்டில் எழுதினேன்: ‘2.05. கிழக்குக் கோபுரத்தில் ஆள் இல்லை.’ அவர் போய்க் கத்தியதால் நாலு பேர் மேலே ஓடி வந்துவிட்டார்கள். சித்தப்பாவுக்கு முழங்கால் சரியில்லை. அவரையும், அவரோடு நின்ற இன்னொருவரையும் இழுத்துவர மாப்பிள்ளை திரும்ப உள்ளே போனார். மூவரும் வரவில்லை. மேட்டுக்கு இந்தப் பக்கம் புகை அடர்ந்துவிட்டதால் எனக்கு அதற்குமேல் தெரியவில்லை.

இனி அறிக்கைக்கு வருகிறேன். பதினோராம் பக்கம் எடுங்கள். ‘ஆண்டுச் சோதனையின்போது மேற்குக் கோபுரக் காவலர் திருகை முழுதாக இறுக்காமல் விட்டதால் வளையம் நகர்ந்திருக்கலாம். உள்நோக்கமற்ற கவனக்குறைவு. எழுத்து மூலம் எச்சரித்தால் போதுமானது.’

ஏழாம் பக்கத்தில் நீங்கள்தானே எழுதியிருக்கிறீர்கள், அந்தத் திருகைக் கழற்ற உங்கள் ஆளுக்கு இரண்டு ஸ்பேனர் தேவைப்பட்டது என்று? ஏழில் இரும்புப் பிடியாக இருந்த திருகு பதினொன்றில் எப்படித் தளர்ந்தது? சொந்த அறிக்கையைக்கூடப் படித்துப் பார்க்கமாட்டீர்களா? மூன்று மாதம், ஐந்து நிபுணர்கள், கடைசியில் கண்டுபிடித்தது என் கவனக்குறைவு. ஒரு குருவி வந்து உட்கார்ந்தால் அசைகிற மாதிரி நான் திருகு போடுவேனா?

இதைப் படித்துவிட்டு ஊரில் எல்லாரும் என்னைப் பாவம் என்று பார்க்கிறார்கள். இயக்குநர் தோளில் தட்டுகிறார். “வயசாச்சுல்ல, விடுங்க” என்கிறான் அந்தக் கொட்டாவிக்காரன். இருபத்திரண்டு வருடத்தில் என்னைப் பார்த்து யாரும் அப்படிச் சொன்னதில்லை.

அதையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். என்னைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் தங்கையும் கூட வந்திருக்கிறாள், இந்தக் கதவுக்கு வெளியேதான் நிற்கிறாள். வழியெல்லாம் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். “நீ வேணும்னா செஞ்ச? கை தவறிப்போச்சு, விடுண்ணா. அவர் இருந்தாலும் இதத்தான் சொல்லுவாரு. நீ சாப்பிடாம கொள்ளாம இப்படி ஆயிட்டா எனக்கு வேற யாரு இருக்கா?” என்று அழுதாள். பேருந்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசியது.

எழுதிக்கொள்ளுங்கள். வளையத்தை நான்கு டிகிரி திருப்பியது நான். தெரிந்து திருப்பினேன், அளந்து திருப்பினேன், இறுக்கிவிட்டு இரண்டு முறை சரிபார்த்தேன். அந்த ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை என் கண்முன்னால் அடியுங்கள்.

அடித்துவிட்டு அவளை உள்ளே கூப்பிடுங்கள். தன் அண்ணனைப் பற்றி அவள் தவறாக நினைத்துக்கொண்டிருக்கிறாள்.