தர்ம அடியும் செகண்ட் ஷிஃப்டும்

கதவ மூடிவெச்சா வேகத்தான் செய்யும், என்ன பண்றது? ஃபேன் போட்டா கடகடன்னு சத்தம் வெளிய கேக்கும். உக்காருங்கண்ணா. அந்தப் போர்வ மூட்டையக் கீழதான் வைங்களேன், கட்டிப்புடிச்சிக்கினே நிக்கிறீங்க! அவங்க தொரத்திக்கினு வந்தப்ப பின்கதவால உள்ள இழுத்தது நாந்தானே, கொஞ்சம் நம்புங்க.

பலா மரத்தடியில நிக்கிறதெல்லாம் எங்க பிளாக் ஆளுங்கதான். தடியோட முன்னாடி நிக்கிறவரு சுபாஷண்ணன், எதிர் குவார்ட்டர்ஸ். முந்தாநேத்து எம்பொண்ணுக்குக் கொட்ட எடுத்து பலாச்சுள குடுத்தாரு. ரொம்ப நல்லவரு… அதான் பயமா இருக்கு.

பேப்பர்ல எப்படிப் போடுவான் தெரியுமா? ஆள் பொழச்சிக்கிட்டா 'பொதுமக்கள் தர்ம அடி'. செத்துட்டா 'கும்பல் கொலை'. அடிச்ச கை அதேதான்! தர்மமாம்… அன்னதானம் மாதிரி ஆளுக்கு ரெண்டு போட்டுட்டுப் போவாங்க. கான்வென்ட்ல சிஸ்டர், இப்படிக் கும்பலா அடிச்சிக் கொல்றதுக்கு இங்கிலீஷ்ல 'லிஞ்ச்'னு சொல்லி வாக்கியம் எழுதச் சொன்னாங்க. ஏதோ அமெரிக்கா சங்கதின்னு எழுதி 'குட்' வாங்குனவ நானு.

கும்பல்னு எழுதிட்டா யார் பேரும் வராது பாருங்க. ஆனா இந்தக் கும்பலுக்கு செகண்ட் ஷிஃப்ட் இருக்கு! புள்ள புடிக்கிறவன அடிக்க நேரமிருக்கும், லீவு போட மனசு வராது. ஷிஃப்ட் பஸ் வந்தா ஏறிடுவாங்க. அதுவரைக்கும் மூச்சு விடாதீங்க.

தமிழ் புரியுதா, சும்மா தலையாட்டறீங்களா?

இந்தாங்க, வாட்ஸப்புல சுத்தற உங்க போட்டோ. லட்சணமாத்தான் விழுந்திருக்கீங்க. யாரோ ஒரு மகராசி, "தெரியாத ஆளு கேட்டுல நிக்கிறாரு, பாத்துக்குங்க ப்ளீஸ்"னு மரியாதையாத்தான் போட்டா. டீ ஆறறதுக்குள்ள, காடாம்புலியூர்ல மூணு புள்ளயத் தூக்குனவன்னு ஆக்கிட்டானுங்க…

ஏன் அந்த மஞ்ச சைக்கிளயே பாக்கறீங்க? பாப்பாவோடது. இந்த மாதிரி சைக்கிள் எல்லார் வூட்லயும்… சரி. ஆமா. போட்டோ ஓரத்துல தெரியறது இதேதான். பாப்பாவப் பாத்து சிரிச்சீங்க, பயந்துட்டேன். போதுமா?

அண்ணா… எங்க போறீங்க? வாசக்கதவத் தொறக்காதீங்க! பஸ் இன்னும் வரல! என்னவிட அந்தத் தடியே தேவலன்னா… ஐயோ!

நில்லுங்க, எம்பின்னாடி வாங்க. சுபாஷண்ணே! போட்டோ போட்டது நாந்தான்! இவரு போர்வ விக்கிறவரு! தர்மம் பண்ணியே ஆகணும்னா, வரிசையில மொதல்ல நான் நிக்கிறேன், வாங்க!