பச்சை ஈ

ஆலங்காயம் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஷூ கம்பெனிப் பெண்கள் இருவர். பெரியவள் கையிலிருந்த போனைச் சின்னவள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, ஈயப் போய் போட்டோ எடுத்து வெச்சிருக்க?"

"போன வாரம் பொறந்த ஆட்டுக்குட்டி தொப்புள்ல உக்காந்திருந்துச்சி. இன்னா ஈன்னு கேட்டு மாட்டு டாக்டருக்கு அன்னிக்குக் காலையில அனுப்புனேன்."

"பதில் போட்டாரா?"

"பத்தே நிமிஷத்துல போட்டாரு. பச்சை ஈ, புண்ணுல முட்டை வைக்கும், உடனே கழுவி மருந்து போடுன்னு. நம்ம போனத்தான் கம்பெனி கேட்டுலயே வாங்கி வெச்சிக்கிறாங்களே. சாயங்காலம்தான் பார்த்தேன்."

"அப்புறம்?"

"அதுக்குள்ள புழு வெச்சிடுச்சி. மூணாம் நாள் குட்டி செத்துப்போச்சி."

சின்னவள் போனை வாங்கிப் படத்தைப் பெரிதாக்கினாள்.

"குட்டி மூஞ்சே தெரியலயேக்கா."

"ஈ தெளிவா தெரியணும்னு கிட்ட வெச்சி எடுத்தேன். குட்டியத் தனியா எடுக்கவே இல்ல."